மாறா வெப்பநிலை: ஒரு கருத்தின் வரலாறு

பாரசீகப் பெருங்கவிஞர் சஅதியின் பெயர் நீராவிப் பொறிகளின் வரலாற்றில் நிலைபெற்றிருப்பது பலரும் அறியாத செய்தியாகும். பிரெஞ்சுப் புரட்சியின் படைகளை ஒழுங்கமைத்து வெற்றிக்கு வழிவகுத்தவர் லாசர் கார்னோ. பொறிகளைப் பற்றி நூல் எழுதிய அறிஞராகவும், கவிதையில் தோய்ந்த உள்ளத்தவராகவும் விளங்கிய அவர், 1796ஆம் ஆண்டு சூன் முதல் நாள் பாரிசில் பிறந்த தம் மகனுக்குச் சஅதியின் பெயரைச் சூட்டினார். அம்மகனே சாதி கார்னோ. முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்து, ஒரே ஒரு சிறுநூலை மட்டுமே வெளியிட்டு மறைந்த அவ்விளைஞர் விட்டுச்சென்ற கருத்து, வெப்பத்திலிருந்து வேலையைப் பெறும் எல்லாப் பொறிகளுக்கும் இன்றளவும் உரைகல்லாக நிற்கிறது. அக்கருத்தின் உயிர்நாடி வெப்பநிலை மாறா நிகழ்வு என்பதாகும். எந்தப் பொறியும் முற்றாக எட்டமுடியாத ஒரு நிலை, எல்லாப் பொறிகளையும் அளக்கும் கோலாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக எடுத்துரைக்கிறது.

சொல்லும் பொருளும்

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. இவ்வேறுபாட்டை உணராதவரை இவ்வரலாறு விளங்காது. ஒரு பொருளுக்குள் செல்வதோ அதிலிருந்து வெளியேறுவதோ வெப்பம்; அப்பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு வெப்பநிலை. உலைநீர் கொதிக்கத் தொடங்கியபின் அடுப்பில் எத்துணை விறகைத் தள்ளினாலும், கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் அந்நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகை செல்சியசைத் தாண்டுவதில்லை. விறகு தரும் வெப்பம் எங்கே போயிற்று? நீரை ஆவியாக்குவதில் அது செலவாயிற்று. வெப்பநிலைமானியில் தோன்றாமல் மறைந்து நிற்கும் இவ்வெப்பத்தை ஸ்காட்லாந்து அறிஞர் சோசப் பிளாக் 1760களில் ஆராய்ந்து 'உள்ளுறை வெப்பம்' என்னும் கருத்தை நிலைநாட்டினார். வெப்பத்தையும் வெப்பநிலையையும் அறிவியல் தெளிவாகப் பிரித்தறிந்தது அவர் காலத்திலேதான்.

இவ்வாறு வெப்பம் உட்சென்றோ வெளியேறியோ கொண்டிருக்க, வெப்பநிலை மட்டும் மாறாதிருக்கும் நிகழ்வை மேலைமொழியாளர் 'ஐசோதெர்மல்' என வழங்குவர். 'ஒத்த வெப்பம்' என்பது அதன் கிரேக்க மூலங்கள் தரும் நேர்ப்பொருள். இச்சொல் முதலில் பொறிகளுக்காகப் பிறந்ததன்று. உலகப் படத்தில் ஒரே சராசரி வெப்பநிலையுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டிய செர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் அம்போல்ட் 1817இல் அக்கோடுகளுக்கு இட்ட பெயரே பின்னர் இயற்பியலுக்குள் புகுந்தது. தமிழ்ப் பாடநூல்கள் இதனை 'வெப்பநிலை மாறா நிகழ்வு' என்று வழங்குகின்றன. வெப்பம் உள்ளே செல்லவும் வெளியேறவும் இடமற்று நிகழும் 'அடியபாட்டிக்' நிகழ்வினை 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு' என்கின்றன. ஒன்றில் வெப்பம் பாய்கிறது, வெப்பநிலை நிற்கிறது. மற்றொன்றில் வெப்பம் தடைபடுகிறது, வெப்பநிலை மாறுகிறது. கிரேக்கச் சொல்லில் மயங்கிக் கிடக்கும் வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்கள் ஐயத்திற்கிடமின்றிப் புலப்படுத்துகின்றன என்பது எண்ணி மகிழத்தக்கது.

தோல்வியில் பிறந்த நூல்

சாதி கார்னோ பதினாறு வயதில் பாரிசின் புகழ்வாய்ந்த பல்தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். 1814இல் பகைவர் படைகள் பாரிசை முற்றுகையிட்டபோது, மாணவர் படையில் நின்று நகரைக் காக்கப் போரிட்டார். மறு ஆண்டு நெப்போலியன் வீழ்ந்ததும், அவரது அமைச்சராயிருந்த தந்தை லாசர் நாடு கடத்தப்பட்டார். 1821இல் செர்மனியின் மாக்டபர்க் நகரில் வாழ்ந்த தந்தையைச் சாதி சென்று கண்டு திரும்பினார். தந்தை 1823இல் அந்நிய மண்ணிலேயே உயிர் நீத்தார். அதற்கடுத்த ஆண்டு, 1824இல், மகனின் நூல் வெளிவந்தது. 'நெருப்பின் இயக்கு ஆற்றலைப் பற்றிய சிந்தனைகள்' என்பது அதன் தலைப்பின் பொருள். 118 பக்கங்களே கொண்ட நூல் அது.

நாட்டின் தோல்விக்குக் காரணம் தேடிய இளைஞரின் கண்ணுக்கு, இங்கிலாந்தின் வலிமை அதன் நீராவிப் பொறிகளில் இருப்பதாகத் தோன்றியது. அந்நாட்டின் கடற்படையைப் பறிப்பதைக் காட்டிலும் நீராவிப் பொறிகளைப் பறிப்பதே அதற்குப் பேரிழப்பாகும் என்னும் கருத்தை நூலின் தொடக்கத்திலேயே அவர் எழுதினார். ஆயினும் அவர் புதிய பொறி எதனையும் படைக்க முனையவில்லை. ஒரு கேள்வியை எழுப்பினார்: வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலைக்கு எல்லை உண்டா? நீராவிக்குப் பதிலாகக் காற்றையோ வேறு பொருளையோ பயன்படுத்தினால் அவ்வெல்லை மாறுமா? பொறிகளை ஆக்கியோர் பலரிருக்க, இக்கேள்வியை இவ்வளவு பொதுமையாக எழுப்பியவர் அவருக்கு முன் எவருமிலர் எனலாம்.

நான்கு படிகள்

கார்னோ கண்ட விடை எளியது, ஆழமானது. மேலிருந்து கீழ் விழும் நீர் ஆலைச் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்லும் வெப்பமே பொறியை இயக்குகிறது என்று அவர் கொண்டார். அருவிநீர் சக்கரத்தைத் தொடாமல் வீணே விழுந்தால் வேலை கிடைப்பதில்லை. அதுபோலவே, வேறுபட்ட வெப்பநிலையுள்ள இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட, வேலை ஏதும் நிகழாமல் வெப்பம் பாய்ந்துவிட்டால், அது மீளப் பெறவியலாத இழப்பாகும். ஆகவே, இழப்பில்லாப் பொறியில் வெப்பத்தைப் பெறும் பொருளும் தரும் பொருளும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருத்தல் வேண்டும்.

இவ்விதியைப் பின்பற்றி, உருளையும் பிஸ்டனும் கொண்ட ஒரு கற்பனைப் பொறியை அவர் நான்கு படிகளில் இயக்கிக் காட்டினார். முதற்படியில், உருளையிலுள்ள வளிமம் சூடான பொருளைத் தொட்டவாறு மெல்ல விரிகிறது. விரிவதால் குறையவேண்டிய வெப்பநிலையை உட்புகும் வெப்பம் ஈடுசெய்ய, வெப்பநிலை மாறாதிருக்கிறது. இரண்டாம் படியில், தொடர்பு துண்டிக்கப்பட்டு வளிமம் மேலும் விரிந்து குளிர்கிறது. மூன்றாம் படியில், குளிர்ந்த பொருளைத் தொட்டவாறு அது அமுக்கப்படுகிறது. எழும் வெப்பம் அப்பொருளுக்குள் செல்ல, இங்கும் வெப்பநிலை மாறுவதில்லை. நான்காம் படியில், மீண்டும் தனித்து அமுக்கப்பட்டுத் தொடக்க வெப்பநிலையை அடைகிறது. இரு படிகளில் வெப்பநிலை மாறுவதில்லை. இரு படிகளில் வெப்பப் பரிமாற்றம் இல்லை. இதுவே கார்னோ சுற்று.

எந்தப் பொருளைப் பயன்படுத்தினாலும், இவ்விரு வெப்பநிலைகளுக்கிடையே இதனை விஞ்சும் பொறி இருக்கவியலாது என்று கார்னோ நிறுவினார். பிற்காலத்தார் கண்ட வாய்பாட்டின்படி, 227 பாகை செல்சியசில் வெப்பத்தைப் பெற்று 27 பாகையில் விடும் பொறி, தனிவெப்பநிலை அளவில் 500க்கும் 300க்கும் இடையே இயங்குவதால், பெற்ற வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கையே வேலையாக மாற்ற முடியும். எஞ்சிய 60 பங்கை எத்தகைய கைத்திறனாலும் மீட்கவியலாது.

உறங்கிய நூலும் தேடிய மாணவரும்

இத்தகைய நூலை உலகம் கண்டுகொள்ளவில்லை. வெளிவந்த ஆண்டிலேயே பாராட்டுடன் ஒரு மதிப்புரை வந்தும், பொறியாளரோ இயற்பியலாரோ அதைக் கையிலெடுத்ததாகத் தெரியவில்லை. 1832ஆம் ஆண்டு பாரிசைச் சூறையாடிய வாந்திபேதி நோய்க்கு ஆகஸ்டு 24ஆம் நாள் கார்னோ இரையானார். நோய் பரவும் அச்சத்தால் அவருடைய உடைமைகளோடு தாள்களும் பெரும்பகுதி அழிக்கப்பட்டன என்பர். எஞ்சிய சில குறிப்புகளை அவர் தம்பி இப்பொலித் கார்னோ காத்து, 1878இல் வெளியிட்டார். வெப்பம் என்பது அழியாத ஒரு பாய்பொருள் என்னும் பழைய கொள்கையைக் கார்னோ தம் இறுதிக் காலத்திலேயே கைவிட்டுவிட்டார் என்பதை அக்குறிப்புகள் காட்டின. ஒரு கிலோகலோரி வெப்பம் 370 கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்தவல்லது என்றும் அவர் கணித்திருந்தார். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 427. சூல் தம் புகழ்பெற்ற ஆய்வுகளைத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே இக்கணிப்பு தாளில் எழுதப்பட்டிருந்தது; படிப்பாரின்றிக் கிடந்தது.

கார்னோவின் கருத்தை முதலில் மீட்டவர், அவர் பயின்ற பள்ளியிலேயே பயின்ற எமில் கிளாபெரோன். 1834இல் அவர் எழுதிய கட்டுரை, நான்கு படிகளையும் அழுத்தம், பருமன் ஆகியவற்றைக் காட்டும் வரைபடமாகத் தீட்டியது. 1845இல் பாரிசுக்கு வந்த வில்லியம் தாம்சன் என்னும் இளைஞர் (பின்னாளில் கெல்வின் பிரபு) அக்கட்டுரையைப் படித்து, மூலநூலைத் தேடிப் புத்தகக் கடைதோறும் ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் அறிந்திருந்த கார்னோ, அரசியலும் சமூகமும் பற்றி எழுதிய இப்பொலித் மட்டுமே. அண்ணன் பெயரை எவரும் அறிந்திலர். மூன்றாண்டுகளுக்குப் பின்னரே அந்நூல் தாம்சனின் கைக்கு வந்தது. 1848இல், எந்தப் பொருளின் இயல்பையும் சாராத தனிவெப்பநிலை அளவீட்டைக் கார்னோவின் கொள்கையை அடித்தளமாகக் கொண்டே அவர் முன்மொழிந்தார். 1849இல் கார்னோவின் கொள்கையை விளக்கிக் கட்டுரை எழுதினார். 1850இல் செர்மனியின் ருடோல்ஃப் கிளாசியசு, பொறிக்குள் செல்லும் வெப்பத்தில் ஒரு பகுதி வேலையாக மாறி மறைகிறது எனத் திருத்தி, கார்னோவின் முடிவைப் புதிய அடித்தளத்தில் நிறுத்தினார். அருவி உவமை தளர்ந்தது. அதன்வழி எட்டிய உண்மை தளரவில்லை.

பனிக்கட்டி தந்த சான்று

கருத்து உண்மையானதாயின் அதனை இயற்கை மெய்ப்பிக்க வேண்டுமன்றோ? அதற்கான வாய்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நீர் உறையும்போது வெப்பநிலை மாறுவதில்லை. ஆனால் பருமன் பெருகுகிறது. உறைந்து விரியும் நீர் ஒரு பளுவைத் தூக்கவல்லது. அப்படியாயின், சுழியப் பாகையிலேயே வெப்பத்தைப் பெற்று, சுழியப் பாகையிலேயே விட்டு, வெப்பநிலை வேறுபாடு ஏதுமின்றி வேலையைப் பெற்றுவிடலாமே! இது கார்னோவின் விதிக்கு முற்றும் முரணானது.

இம்முரணை ஆராய்ந்த தாம்சனின் அண்ணன் சேம்சு தாம்சன், 1849இல் ஒரு முடிவுக்கு வந்தார். பளுவைத் தாங்கும் நீர் அழுத்தத்திற்கு உட்பட்டது. அத்தகைய நீர் சற்றே குறைந்த வெப்பநிலையில்தான் உறையவேண்டும். ஒரு வளிமண்டல அழுத்தத்திற்கு உறைநிலை ஏறத்தாழ 0.0075 பாகை செல்சியசு இறங்கும் என்றும் கணித்தார். எவரும் அதுவரை கண்டிராத இந்நுண்ணிய மாற்றத்தை 1850இல் தம்பி வில்லியம் ஆய்வில் அளந்து உறுதிசெய்தார். நீராவிப் பொறிக்காக எழுதப்பட்ட விதி பனிக்கட்டியையும் ஆண்டது. இச்சான்றுக்குப் பின் கார்னோவைப் புறக்கணிக்க எவராலும் இயலவில்லை.

பாதிரியாரின் பொறியும் உலைநீரின் பாடமும்

கார்னோவின் நூலுக்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1816இல், ஸ்காட்லாந்தின் இராபர்ட் ஸ்டெர்லிங் என்னும் பாதிரியார் சூடான காற்றால் இயங்கும் பொறிக்குக் காப்புரிமை கோரினார். காற்று சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்குச் செல்லும்போது விட்டுச்செல்லும் வெப்பத்தைச் சேமித்து, திரும்பும்போது அதற்கே தரும் வெப்பச் சேமிப்பானை அவர் அமைத்தார். வெப்பநிலை மாறா விரிவும் வெப்பநிலை மாறாச் சுருக்கமும் செவ்வனே நிகழுமாயின், இச்சுற்றும் கார்னோ சுற்றுக்கு நிகரான பயனைத் தரும் எனப் பிற்காலத்தார் கண்டனர். ஆனால் அவர் தம்பி சேம்சு ஸ்டெர்லிங் 1843இல் டண்டீ நகரின் வார்ப்பாலையில் நிறுவிய பெரிய பொறியின் வெப்ப உருளைகள், ஓயாச் சூட்டைத் தாங்காது மீண்டும் மீண்டும் பழுதுற்றன. 1847இல் அது கைவிடப்பட்டது. கருத்து பழுதன்று, அதைத் தாங்கும் இரும்பு அன்று இல்லை. அக்கருத்து மடியவுமில்லை. 1930களின் இறுதியில் நெதர்லாந்தின் பிலிப்சு நிறுவனம் வானொலிகளுக்கு மின்சாரம் தர அதைப் புதுப்பித்தது. பின்னர் சுவீடனின் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் அது இடம்பெற்றது.

வளிமத்தை மாறா வெப்பநிலையில் விரியச் செய்ய இத்துணை இடர்ப்பாடு இருக்க, நீரோ அதனை இயல்பாகவே செய்தது. கொதிகலனில் நீர் ஆவியாவதும், செறிகலனில் ஆவி நீராவதும், அழுத்தம் மாறாதவரை வெப்பநிலை மாறா நிகழ்வுகளே. கொள்கை எதனையும் அறியாமல், நியூகமனும் வாட்டும் ஆக்கிய பொறிகளில் அவை தாமாகவே அமைந்திருந்தன. கிளாஸ்கோ பேராசிரியர் இராங்கின் வகுத்த நீராவிச் சுற்று இவ்விரு நிகழ்வுகளையும் தாங்கியே இன்றைய அனல்மின் நிலையங்களிலும் இயங்குகிறது. எனினும் இதற்கும் எல்லை உண்டு. 374 பாகை செல்சியசுக்கு மேல் நீருக்கும் ஆவிக்கும் வேறுபாடே மறைந்துவிடுகிறது. அதற்கு மேலும் சூடேற்ற விழைவோர் மாறா வெப்பநிலையைத் துறந்தே ஆகவேண்டும்.

ஏட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு

இக்கருத்தின் பொருட்டு வாழ்வையே பணயம் வைத்தவர் ருடோல்ஃப் டீசல். 1858இல் பாரிசில் செர்மானியப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1870இல் மூண்ட போரால் குடும்பத்தோடு பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் மியூனிக்கில் பேராசிரியர் கார்ல் லிண்டேயிடம் பயின்றார். நீராவிப் பொறிகள் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையோ அதனினும் குறைவாகவோதான் வேலையாக்குகின்றன என்றும், வெப்பநிலை மாறா விரிவில் வளிமம் பெறும் வெப்பம் முழுவதும் வேலையாகிறது என்றும் லிண்டே ஒருநாள் விளக்கினார். அதனை நடைமுறையில் கொணர இயலுமா என ஆராயவேண்டும் என்று அம்மாணவர் தம் ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அவ்வோரக் குறிப்பே அவர் வாழ்வின் திசையை வகுத்தது.

1892இல் டீசல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மறு ஆண்டு அது கிடைத்தது. அதே 1893இல் தம் கொள்கையை விளக்கும் நூலையும் வெளியிட்டார். காற்றை மிகுந்த அழுத்தத்திற்கு அமுக்கினால் அது தானே கடுஞ்சூடு அடையும். அதில் எரிபொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால், எரிதலால் எழும் வெப்பத்தைப் பிஸ்டனின் நகர்வு உண்டுவிட, வெப்பநிலை உயராது. இதுவே அவர் திட்டம். கார்னோவின் முதற்படியை நெருப்பின் நடுவிலேயே நிகழ்த்த அவர் விரும்பினார். அதற்கு 250 வளிமண்டல அழுத்தம் வேண்டியிருந்தது.

காப்புரிமை கைக்கு வந்த சிறிது காலத்திலேயே ஒரு கசப்பான உண்மை அவருக்குப் புலனாயிற்று. வெப்பநிலை உயராதிருக்க வேண்டுமாயின் மிகச் சிறிதளவு எரிபொருளையே எரிக்கலாம். அதனால் கிடைக்கும் வேலையோ, காற்றை அமுக்கச் செலவிடும் வேலையைவிடச் சற்றே மிகுதி. அம்மெல்லிய ஆதாயத்தை உராய்வே விழுங்கிவிடும். ஏட்டில் மிக உயர்ந்த பயனைக் காட்டிய பொறி, ஆலையில் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவும் வலிவற்றது! டீசல் அழுத்தத்தைப் பெரிதும் குறைத்தார், எரிபொருளைக் கூட்டினார், வெப்பநிலை உயர்வதற்கு இடங்கொடுத்தார். இம்மாற்றத்தைத் தழுவும் இரண்டாம் காப்புரிமைக்கு 1893ஆம் ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பித்தார். ஆக்சுபர்க் நகரின் பொறியாலையில் பல ஆண்டுகள் நிகழ்ந்த கடும் உழைப்புக்குப் பின், 1897 பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் சுரோட்டர் நடத்திய சோதனையில், அப்பொறி எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கை வேலையாக மாற்றியது. அதுவரை எந்த வெப்பப் பொறியும் எட்டாத உயர்வு அது.

வெற்றியே வழக்காகவும் முடிந்தது. ஓடுகின்ற பொறி காப்புரிமையில் கூறிய பொறியன்று எனப் போட்டியாளர் வாதிட்டனர். காப்புரிமையை நீக்கக் கோரிய வழக்கு 1898இல் தோற்றது. ஆயினும் குறைகூறல் ஓயவில்லை. 1912இல் தம் பொறியின் பிறப்பை விளக்கிப் பெர்லினில் அவர் ஆற்றிய உரைக்கும் அவையிலேயே எதிர்ப்பு எழுந்தது. கடனும் நோயும் சூழ்ந்த நிலையில், 1913 செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலிருந்து அவர் மறைந்தார். சில நாள்களுக்குப் பின் கடலில் உடல் கண்டெடுக்கப்பட்டது.

எட்டாத கோல்

வெப்பநிலை மாறா நிகழ்வு ஏன் எட்டாததாயிற்று? வெப்பம் பாய வேண்டுமாயின் வெப்பநிலை வேறுபாடு வேண்டும். இழப்பு இல்லாதிருக்க வேண்டுமாயின் அவ்வேறுபாடு இருத்தலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற வேண்டுமெனில் பொறி எல்லையற்ற மெதுவாக இயங்கவேண்டும். அவ்வாறு இயங்கும் பொறி மிக உயர்ந்த பயனைத் தரும். ஆனால் ஒரு வண்டியையும் இழுக்காது. விரைவு வேண்டுவோர் இழப்பை ஏற்றே தீரவேண்டும். எவ்வளவு இழப்பு தவிர்க்கவியலாதது, எவ்வளவு நம் அறியாமையால் நேர்வது என்பதைப் பிரித்துக்காட்டும் கோலே கார்னோவின் சுற்று.

அக்கோலை வைத்து அளந்தவர்கள் பொறிகளை மேம்படுத்தினர். அக்கோலையே பொறியாக்க முயன்ற டீசலோ, வேறொரு பொறியைக் கண்டு உலகுக்கு அளித்தார். அதன் விலையைத் தம் வாழ்வால் செலுத்தினார். அவர் முயன்றிராவிடில் இன்று கப்பல்களையும் சரக்குந்துகளையும் இழுக்கும் பொறி அக்காலத்தில் தோன்றியிராது. கார்னோவோ எதனையும் செய்து பார்க்கவில்லை. தம் நூல் படிக்கப்படுவதையும் காணவில்லை. பாரிசின் கடைகளில் தேடியும் கிடைக்காத அந்நூலின் பெயரை இன்று எல்லா நாடுகளின் பாடநூல்களும் சுமக்கின்றன. ஒரு கவிஞரின் பெயரைத் தாங்கிய இளைஞர் எழுதிய 118 பக்கங்கள், ஒரு பொறியையும் நேரே இயக்காமல், இயங்கும் பொறிகளையெல்லாம் இன்றும் அளந்துகொண்டிருக்கின்றன.